அதிகாரிக்குப் புரியாத பேச்சு

மார்ச் 3
மொழித்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார், அதனால் காபி கொடுத்தேன். எங்கள் வீட்டு மொழி தனி மொழியா, பெரிய மொழியின் கொச்சையா என்று அரசு தீர்மானிக்கப் போகிறதாம். தனி மொழி என்றால் தெருமுனைப் பள்ளிக்கு அதற்கென்று ஓர் ஆசிரியை. கொச்சை என்றால் ஒன்றுமில்லை. கொச்சையாம்! என் வாயிலா?

எங்கள் மொழியில் வளர்ந்த இருவர் அவர் எதிரில் பேச வேண்டும். அவருக்குப் புரிந்துவிட்டால் தோற்றோம். என் பேத்திக்குக் கேட்டால் புரியும், வாய் திறக்க மாட்டாள். தெருவில் பல பிள்ளைகள் அப்படித்தான். சரளமாகப் பேச நானும் நாத்தனாரும்தான் மிச்சம்.

மார்ச் 4
நாத்தனாரோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். என் கணவருடைய இரங்கல் கூட்டத்தில் அவள் பேச்சை நடுவில் திருத்தினேன். தப்பாகச் சொன்னால் திருத்தாமல்? மருமகளைத் தூது விட்டேன். வருகிறாளாம். "அண்ணிக்காக இல்ல, மொழிக்காக" என்றாளாம்.

மார்ச் 9
வரவேற்பு, நலம் விசாரிப்பு, கல்வியின் மேன்மை. பேச வேண்டியதெல்லாம் தயார். கான்வென்டில் பழக்கியபடி கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்த்தேன். குறையே இல்லை.

மார்ச் 12
மானம் போகப் பார்த்தது. பள்ளி அறையில் நான் பேசப் பேச அதிகாரி தலையாட்டுகிறார். எல்லாம் புரிகிறதாம்! மரியாதைச் சொல், படிப்புச் சொல் அத்தனையும் பெரிய மொழியிலிருந்து வந்தவை. இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? அவர் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தக் கை நீட்டினார்.

"போதும் அண்ணி, இதையும் கெடுத்தாச்சு" என்றாள் நாத்தனார், எங்கள் மொழியில்.

அவ்வளவுதான். நான் சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை. அவள் இரங்கல் கூட்டத்தில் ஆரம்பித்தாள், நான் அவள் கல்யாணத்துக்கே போய்விட்டேன். அவள் என் சமையலை இழுத்தாள். நான் அவள் மூக்கை.

மூச்சு வாங்க நிறுத்தியபோது அதிகாரி, "ஒரு வார்த்தைகூடப் புரியலம்மா" என்றார், பரம திருப்தியாக. "என்ன பேசிக்கிட்டீங்க?"

"குடும்ப நலம்" என்றேன்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். நானும், கொஞ்சம்.

மார்ச் 13
தொண்டை கட்டிவிட்டது. நல்ல தூக்கம்.

ஏப்ரல் 2
உத்தரவு வந்தது. தனி மொழிதான்! ஜூனில் ஆசிரியை வருகிறாள். ஆனால் அந்த ஒலிப்பதிவுக்கு நாங்களே அர்த்தம் எழுதித் தர வேண்டுமாம். நாத்தனார் மத்தியானமே வந்துவிட்டாள். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினோம். மூக்கு வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "இதை எப்படி எழுதறது அண்ணி?" என்றாள். "தோற்றம் பற்றிய கருத்துன்னு போடு" என்றேன். அதற்குமேல் வேலை நடக்கவில்லை. இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

வாசற்படியில் நின்ற பேத்தி அந்த மூக்கு வசவை அப்படியே எங்கள் மொழியில் சொல்லிக் காட்டினாள். ஓரெழுத்து பிசகவில்லை.

கண்டித்திருக்க வேண்டும். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.