அத்தை மகனைக் கட்டியவள்

17 நவம்பர் 2024
பூர்ணிமா விரும்பும் நரேன் வீட்டில் சம்பந்தம் பேச, கொல்கத்தா லேக் கார்டன்ஸ் போனோம். கிளம்பும்போதே பூர்ணிமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அப்பா உனக்கு அத்தை பையன்னு அங்க சொல்லிடாத. பெங்காலிங்களுக்கு அது அண்ணன் தங்கச்சி."

கேட்டார்கள், சொல்லிவிட்டேன். பொய் சொல்லி ஒரு கல்யாணமா? நரேனின் அம்மா ஷிப்ரா முகத்தைச் சுளித்து, "சீ..." என்றார். சாந்த்ராகாச்சியில் எங்கள் வீடு வரும்வரை மகள் என்னோடு பேசவே இல்லை.

18 நவம்பர்
யாரைப் பார்த்து சீ? அப்பா என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "கோவிந்தராஜனைக் கட்டிக்கிறியா? வேணாம்னா சொல்லு, உங்க அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்." நான்தான் சரி என்றேன். ஆசையோடுதான் சொன்னேன்!

ஆனால் சித்தி மகள் அமலா? அவளை யாரும் கேட்கவில்லை. அழ அழத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்தார்கள். அதுவும் நம் வழக்கம்தான். அதைச் சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

25 நவம்பர்
லேக் கார்டன்ஸிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் நின்றுவிடுமோ? என் வாய்தான் கெடுத்ததோ?

8 டிசம்பர்
ஷிப்ரா தனியாக வீட்டுக்கு வந்தார். சம்மதமாம்! பூர்ணிமா நேரில் போய், "எங்கம்மா மறைக்கல, மறைக்கச் சொன்னது நான்தான்" என்றாளாம். என் பெண்!

பிறகு சொன்னார்: கல்யாணத்துக்கு அவர் வரமாட்டாராம். அவர்கள் வழக்கத்தில் மகன் கல்யாணத்தைப் பெற்றவள் பார்க்கக் கூடாதாம், ஆகாதாம். எனக்கும் அதே 'சீ' வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தீதி," என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன், "இவரைக் கட்டிக்கிறியான்னு என்னைக் கேட்டாங்க. பாக்க ஆசையா இருக்கான்னு உங்களைக் கேட்டாங்களா?"

நான் கொடுத்த முறுக்கைக் கடிக்காமல் தட்டில் திரும்ப வைத்தார். "இல்ல."

எந்த ஊர் வழக்கமானாலும் நான் இதைத்தான் பார்ப்பேன். யார் தலையில் விழுகிறதோ அவளைக் கேட்டார்களா?

9 பிப்ரவரி 2025
தாலி கட்டியாயிற்று. முன்வரிசையில் சிவப்புக் கரைப் புடவையில் ஷிப்ரா, கண்ணைத் துடைத்துத் துடைத்து, விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நரேனின் அத்தை, "நீ எப்படி இங்க?" என்று அதட்டினார்.

"இத்தனை வயசுல இப்பதான் ஒருத்தி என்னைக் கேட்டா. பாக்கணும்னு தோணுச்சு, வந்துட்டேன்."

"யாரு கேட்டது?"

மாலையும் கழுத்துமாக நின்ற என் பூர்ணிமா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி பெங்காலியில் சொன்னாள்: "எங்கம்மா. அத்தை பையனைக் கட்டிக்கிட்டவங்க."