நாலாம் முடக்கு வரை ஏறிய கார்

12.09.2002, வியாழன்

கொழும்பிலிருந்து படிவம் வந்துவிட்டது. எட்டு வருடமாகக் கொம்பனி மோட்டார் சைக்கிளில் மண் மாதிரியும் உரப் பட்டியலும் சுமந்து ஊவாத் தோட்டங்கள் எல்லாம் அலைந்தவனுக்கு எங்கள் உரக் கொம்பனி கடைசியில் நாலு சக்கரம் தருகிறது. இரண்டில் ஒன்றுக்கு நேரே அடையாளம் போட வேண்டும். ஒன்று ‘சிறிய எஸ்.யு.வி.’, அதாவது இங்கே எல்லோரும் சொல்கிற ஜீப். மற்றது ‘ஹேட்ச்பேக்’, சின்ன கார். மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது என்று அடியில் கோடு போட்டிருக்கிறார்கள். முப்பதாம் திகதி கடைசி நாள்.

பதுளைக் கிளையில் தலைமை எழுதுவினைஞர் இரகுநாதன் படிவத்தை நீட்டும்போதே சொன்னார். “ஐசே லிங்கம், உதில யோசிக்க என்ன கிடக்கு? மலை உச்சியில இருக்கிற ஆள். ஜீப்புக்குப் போடும்.”

என் மனைவி பரிமளமும் அதையேதான் சொன்னாள். எங்கள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவான மேற்கணக்கில், அவள் படிப்பிக்கும் பாடசாலையை ஒட்டிய குவாட்டர்ஸ். காளி கோயிலடியில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏழு முடக்கு வளைவு, இரண்டு மைல், கல்லும் களிமண்ணும். மகள் நிவேதிகாவுக்கு ஏழு வயது. மழை பிடித்தால் இழுப்பும் பிடிக்கும். அப்போதெல்லாம் அவளை மோட்டார் சைக்கிளில் வைத்து, பொலித்தீனால் மூடி, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன்.

யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஏன் இன்னும் அடையாளம் போடவில்லை?

15.09.2002, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில், இன்னமும் அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருக்கிறார். வீரய்யா என்றால் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. நாற்பத்திரண்டு வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஜீப்பா? பெரிய தொரை ஜீப்பே பழசு, கூரைத் துணியெல்லாம் ஒட்டுப் போட்டது. அஞ்சாம் முடக்குல அவரு பங்களா. நீ புது ஜீப்புல தெனமும் அவரு வாசல தாண்டி மேல போவியா? வீரய்யா மகன் தொரையவிட ஒசந்துட்டான்னு ஆகாது?”

பிறகு அந்தக் காலத்துப் பெரிய கங்காணி ஒருவரின் கதை. மகள் கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டு பங்களாவைத் தாண்டிப் போனாராம். அடுத்த மாதமே வேறு கணக்குக்குத் தூக்கிவிட்டார்களாம்.

இது இரண்டாயிரத்து இரண்டு, அப்பா என்றேன். “வருசந்தான் மாறும்டா” என்றார்.

17.09.2002, செவ்வாய்

இன்று ஒன்று கவனித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் முடக்கில் நின்று மண் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தோட்ட மனேஜர் பெரிய தொரையின் ஜீப் சத்தம். என் கால்கள் தாமாகவே ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டன. முப்பத்தாறு வயது, கையில் கொம்பனிப் பை, காலில் பளபளக்கும் சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு கானுக்குள் நின்று தலையை ஆட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ரோட்டில் இடமா இல்லை? ஒரு லொறியே போகலாம்.

21.09.2002, சனி

விடியும்போதே நிவேவுக்கு இழுப்பு. தூறல் வேறு. வழி முழுக்க அவளுடைய மூச்சு என் முதுகில் விசில் அடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பத்து மணிக்குத்தான் உதட்டில் நிறம் வந்தது.

பரிமளம் வாங்கில் உட்கார்ந்து, ஈரப் பொலித்தீனை மடித்துக்கொண்டே கேட்டாள். “அந்தப் படிவத்த அனுப்பிட்டீங்களா?”

“அனுப்புறேன்” என்றேன்.

24.09.2002, செவ்வாய்

தொரையிடமே கேட்டுவிடலாம் என்று ஆபிசுக்குப் போனேன். சார், நான் ஜீப் எடுத்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று ஒரே ஒரு கேள்வி. இந்த மனுஷன் என்னை ஒருநாளும் வைததில்லை. ஆனால் பரிமளத்துக்கு அந்தக் குவாட்டர்ஸ் அவர் சொல்லித்தான் கிடைத்தது. இந்தத் தோட்டத்தின் உர ஓடரும் அவர் கையெழுத்தில்தான் வருகிறது. அது போனால் என் வேலையும் போகும். பரிமளத்தின் இடமாற்ற விண்ணப்பமோ மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. வேறு எங்கே போவோம்?

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருப்பார். நான்தான் தொழிலாளிகள் நிற்கும் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன்.

“என்ன லிங்கம்?”

“யூரியா எப்போ எறக்கலாம்னு கேக்க வந்தேன் சார்.”

யூரியா! சின்ன வயதில் இதே ஜன்னலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு அப்பா கூட வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

29.09.2002, ஞாயிறு

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நாளைக்குக் கடைசி.

30.09.2002, திங்கள்

சின்ன காருக்குப் போட்டேன்.

இரகுநாதன் படிவத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “உமக்கென்ன விசரே?” நான் பெற்றோல் குறைவாகப் பிடிக்கும், அது இது என்று உளறினேன். மெதுவாக ஓட்டினால் சின்ன காரும் ஏறும். ஏறும்தானே?  ரொட்டி வான்கூட நாலாம் முடக்கு வரை வருகிறது.

வீட்டில் வேறு கதை சொன்னேன். “கொம்பனி குடுத்தது இதுதான்.”

 பரிமளம் என்னையே தேற்றினாள். “சரி விடுங்க. புள்ள நனையாமப் போகலாம்ல.”

இதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவேன்? பொய் சொன்னேன். பொய்.

22.10.2002, செவ்வாய்

கார் வந்தது. சிவப்பு. நிவே கோயிலடியிலிருந்து முன் சீட்டில் ஏறி, கண்ணாடியை இறக்கி ஏற்றி இறக்கி ஒரே கும்மாளம். நாலாம் முடக்கில் அடிவயிறு கல்லில் தேய்ந்தது. எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் காரை எப்படியோ மேலே கொண்டுவந்தேன்.

அப்பா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது போதும்டா. அடக்கமா இருக்கு.”

09.11.2002, சனி

மழை தொடங்கி ஒரு வாரம். கார் நாலாம் முடக்கைத் தாண்டவில்லை. முன் சக்கரம் இரண்டும் களியில் சுழன்றுகொண்டே நிற்கின்றன. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். “ஒங்க காரு எங்களவிட பாரமா இருக்கே ஐயா” என்று கருப்பம்மா சிரித்தாள். கடைசியில் பின்னாலேயே உருட்டிக் கோயிலடியில் விட்டேன். இனி அங்கேதான் நிற்கும். பழைய மோட்டார் சைக்கிளையும் கொம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது.

அதாவது, முன்பு இருந்ததும் போயிற்று. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை என் கதை.

27.11.2002, புதன்

 வார்டு வாசல் வாங்கில் இருந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

காலை பத்தரை. கீழ்க்கணக்கில் இருந்தேன். மேற்கணக்கு வேலாயி குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடி வந்தாள். “ஐயா, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. டீச்சர் ஓடியாரச் சொன்னாங்க.” மூன்று நாளாக நிற்காத மழை. காரை எடுத்தேன். ஏறிவிடு, ஏறிவிடு என்று அதனிடம் கெஞ்சினேன். நாலாம் முடக்கில் வழுக்கி, ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

ஐந்தாம் முடக்குக்கு மேலே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலையில் பிள்ளையைப் பார்க்க மேலே போயிருந்த அப்பா நிவேயை முதுகில் கம்பளியால் கட்டியிருந்தார். பரிமளம் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். நிவேயின் வாய் திறந்திருந்தது. உதடு நாவற்பழ நிறம்.

அப்போது அவர்களுக்குப் பின்னால், மேலேயிருந்து, தொரையின் ஜீப்.

அப்பா கானுக்குள் இறங்கினார். பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு! ஒரு கையால் அவளைப் பின்னால் தாங்கிக்கொண்டு, மறுகையால் தலைத்துண்டை உருவினார். நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் மறித்தேனா? இல்லை. நானும் இறங்கி நின்றேன். இந்தப் பக்கத்துக் கானில் நான், அந்தப் பக்கத்துக் கானில் அப்பா. நடுவிலே ரோடு தொரைக்காகக் காலியாகக் கிடக்கிறது. அட பாவி! ஒம் புள்ள சாகுதுடா!

பரிமளம் குடையை வீசிவிட்டு நடு ரோட்டில் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ஜீப் அவளுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

தொரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின் கதவைத் திறந்து அவரே கம்பளியை அவிழ்த்தார். நாலாம் முடக்கில் என் கார் குறுக்கே நின்றது. அவரும் நானும் அப்பாவும் டிரைவரும் தள்ளினோம். ஒதுக்க இடம் இல்லை. கானுக்குள் தள்ளினோம். அது சரிந்து தேயிலைக்குள் முகத்தைக் குத்திக்கொண்டு விழுந்தது.

பதுளைக்கு வரும் வழியில் தொரை திரும்பி, தன் உடைந்த தமிழில் என்னைக் கேட்டார். “இந்த ரோட்டுக்கு ஏன் நீ சின்ன கார் எடுத்தது? நான் உங்க கொம்பனிக்கு லெட்டர் போட்டேனே, மேக்கணக்கு வாற ஆளுக்கு ஜீப் குடுங்கன்னு. அவங்க ரெண்டுல ஒண்ணு நீ எடுக்கலாம் சொன்னதாமே?”

 பரிமளம் நிவேயின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை மட்டும் ஒரு கணம் நின்றது.

நிவேவுக்கு ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம். கடவுளே, என்னை எடுத்துக்கொள். அவளை விட்டுவிடு.

28.11.2002, வியாழன்

கண் திறந்தாள். என்னைப் பார்த்து, “காரு ஒடஞ்சிருச்சாப்பா?” என்று கேட்டாள்.

30.11.2002, சனி

மூன்று நாள் கழித்து இன்றுதான் பரிமளம் வாய் திறந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பொய் சொன்னது கூடப் பெருசில்லங்க. மாமா வயசானவரு, பழகிப் போச்சு, எறங்கிட்டாரு. நீங்க ஏன் எறங்கி நின்னீங்க?”

வெந்நீர் எடுக்க என்று போத்தலைத் தூக்கிக்கொண்டு வார்டை விட்டு வெளியே போனேன்.

06.12.2002, வெள்ளி

நிவேயை மழை முடியும்வரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரகுநாதன் வீட்டில் விட்டிருக்கிறோம். அவர் மனைவி ஜெயமலர் அக்கா, “இது எங்கட பிள்ளை, நீங்கள் யோசியாதேங்கோ” என்றார். வாசலில் நிவே என் சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

திரும்பும்போது கோயிலடியிலிருந்து மேலே பரிமளம் முன்னால் நடந்தாள். நான் பின்னால். ஏழு முடக்கும் அப்படித்தான்.

09.12.2002, திங்கள்

கார் விபத்து அறிக்கை எழுத வேண்டும். ‘மழையில் வழுக்கியது’ என்று எழுதிக் கொண்டுபோனேன். இரகுநாதன் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நடந்ததை எழுதும். வாகனம் மாத்தித் தரச் சொல்லியும் எழுதும்.”

“மூணு வருசத்துக்கு மாத்த முடியாதுங்களே.”

“கேட்டால்தானே மாட்டன் எண்டாவது சொல்லுவாங்கள். நீர் ஆரிட்டையும் ஒண்டும் கேக்கிறேல்லை. அதுதான் உம்மட வருத்தம், உம்மைப் பிடிச்ச நோய்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தோட்டத் துரையைவிட உயர்ந்த வாகனத்தில் போகப் பயந்து தவறாகத் தெரிவு செய்தேன் என்று அப்படியே எழுதினேன். கொழும்பில் வாசித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

31.12.2002, செவ்வாய்

பதில் இல்லை. மழையும் விடவில்லை.

19.01.2003, ஞாயிறு

இரகுநாதன் வீட்டாரைப் போலவே நிவே என்னிடம் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுகிறாள். “எப்ப அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவியள்?” பரிமளம் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

08.02.2003, சனி

பதில் வந்தது. விதியை மாற்ற முடியாதாம். ஆனால் மொனராகலைப் பக்கம் வேலை செய்பவர் ஜீப் எடுத்து, சமவெளியில் அது எதற்கு என்று முணுமுணுக்கிறாராம். இருவரும் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம். சிவப்புக் காரின் முகத்தை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஜீப்பின் ஒரு பக்கக் கதவு நசுங்கியிருக்கிறதாம்.

ஜன்னலுக்குப் போகாமல் ஆபிசுக்கு உள்ளே போய்த் தொரையிடம் சொன்னேன். “நல்லது. முதல்லயே செஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, டொலமைட் கணக்கைக் கேட்டார். இதற்காகவா என் பிள்ளை அந்தப் பாடு பட்டாள்?

16.02.2003, ஞாயிறு

மாற்றி எடுத்த ஜீப்பில் நிவேயைக் கூட்டி வந்தோம். பரிமளம் பின் சீட்டில் அவளோடு உட்கார்ந்துகொண்டாள். இன்னும் என்னோடு முன்னால் உட்காருவதில்லை.

மூன்றாம் முடக்கில் பனி மூட்டம். அப்பா விறகுக் கட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் விறகை இறக்கிப் போட்டுவிட்டுக் கானுக்குள் இறங்கினார். துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். எனக்காக.

“தாத்தா! நாங்கதான் தாத்தா!” நிவே கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அட, நீங்களா? நான் தொரையோன்னு...” என்று சிரித்தார். நான் இறங்கிப்போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். பின்னால் ஏறப் பார்த்தார். பரிமளம் விடவில்லை. “முன்னால ஒக்காருங்க மாமா.”

நாலாம் முடக்கு ஏறியது. ஐந்தாவது நெருங்கும்போது அப்பா கதவுப் பிடியைத் தொட்டார்.

“இங்க நிப்பாட்டுடா. பங்களா வாசல தாண்டுற வரைக்கும் நடந்து வாறேன். தொரை வராந்தாவுல இருப்பாரு.”

கண்ணாடியில் பரிமளம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. பங்களா வாசலை இரண்டாம் கியரில் தாண்டினோம். வராந்தாவில் யாரும் இல்லை.

 வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன், துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது. பரிமளம் அதை வாங்கி, உதறி, அவர் தோளில் போட்டுவிட்டு, என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

“தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”