வெள்ளிக்கிழமைக்கே திரும்பிப் போகும் பெட்டி

ஆரம்பாக்கத்திலிருந்து வந்து எங்களை எல்லாம் அதட்டி வைத்திருந்த என் அருமை அண்ணி,

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் செய்தியை நானே சொல்லிவிடுகிறேன். உன் பெட்டியை மறுபடி ஓட வைத்துவிட்டேன். சோப்பு டப்பாவுக்குள் நீ அடைத்து வைத்திருந்தாயே, அந்தச் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்தான். சிரிக்காதே. ஒரு பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

நீ வருவதற்கு முன்னால் நம் குப்பத்தில் வாரம் ஒரு சண்டை நடக்கும். ஏரியில் இன்றைக்கு எந்த வீடு வலை கட்டுவது என்கிற பாடு முறையில்தான் எல்லாச் சண்டையும். நோட்டு வைத்திருப்பவர் ஊரில் இருக்கமாட்டார், இருந்தால் நோட்டு இருக்காது. நீதான் அந்த முறை முழுவதையும் பெட்டிக்குள் ஏற்றினாய். அது தேதியைப் பார்த்து அன்றைய வீட்டின் பெயரைச் சொல்லும், நெட்டிலிருந்து காற்றையும் அலையையும் எடுத்துப் போடும். பழைய டிவியை ஜன்னலில் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாய். குப்பத்தில் நாலு ஏழுமலை இருப்பதால் ஆம்பளைப் பெயரே வேண்டாமென்று காவேரி வீடு, தனம் வீடு என்று பெண்கள் பெயரில் போட்டாய். ஆண்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பழகிவிட்டது.

சித்திரையில் நீ போனாய். அன்றோடு டிவியும் அணைந்தது. அண்ணன் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டான்.

இப்போது ஐப்பசி. இறால் வரும் காலம், சண்டையும் திரும்பிவிட்டது. தெருவில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க அண்ணி இருந்தா இந்தப் பேஜாரு வருமா? அத்த ஒரு வாட்டி போட்டுத்தான் பாரேன்"னு ஒரே நச்சரிப்பு. அண்ணன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, துண்டை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். டிவி வந்தது! காவேரி வீடு என்று பெரிய எழுத்தில் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மூலையில் சின்னதாக இருந்த தேதியைப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் விடியற்காலையில் காவேரியின் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா டிவியைப் பார்த்துவிட்டு வலையோடு ஏரிக்குப் போயிருக்கிறார். அங்கே தனம் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்ச் சண்டை முற்றி, துடுப்பை ஓங்கும் வரை போய்விட்டது. நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார்.

"இன்னா மல்லி இது? அந்தப் பொண்ணு வெச்ச பொட்டி ஒரு நாளு தப்பு சொன்னதில்ல. அத நம்பித்தான் போனேன். இப்ப ஊரே என்னைத் திருடன்னு பாக்குது."

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. ஊர்ப் பெரியவரும் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியான நாளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் டிவியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நீ இத்தனை கஷ்டப்பட்டுச் செய்தது என்னால் போய்விடப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த மூலையை உற்றுப் பார்த்தேன். சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை என்று இருந்தது, அணைத்துப் போட்டால் காலை பதினொன்று பத்திலிருந்து மறுபடி ஓடியது. உன் நோட்டைப் புரட்டினேன். இந்தப் பெட்டிக்குள் கடிகாரம் கிடையாது, நெட் வந்தால்தான் மணி தெரிந்துகொள்ளும் என்று எழுதியிருந்தாய். கரண்ட் போய்ப் போய் வந்தாலும் உள்ளே இருக்கும் கார்டு கெடாமல் இருக்க, அதில் எதுவும் எழுத முடியாதபடி அன்று பதினொன்று பத்துக்குப் பூட்டியிருக்கிறாய். நெட் இல்லாமல் எத்தனை முறை எழுப்பினாலும் அது அந்த வெள்ளிக்கிழமையில்தான் கண்விழிக்கும். அன்று சாயங்காலம்தானே உனக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்?

நெட் ஏன் வரவில்லை என்பது சுலபமாகப் புரிந்துவிட்டது. உப்புக் காற்றில் பழைய ரவுட்டர் செத்துப்போய், ஆவணியில் புதிது வைத்திருந்தோம். புதிதுக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. உன் பெட்டி பழைய வைஃபையைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டைச் செருகினால் பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தெரிந்த மீன் பெயரை எல்லாம் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் திறக்கவில்லை. ரவுட்டரிலிருந்து நேராக வயர் இழுத்தேன், வயர் செருகும் இடம் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. பொன்னேரியில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் கேட்டால், கார்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள் என்கிறார். அழித்தால் உன் பட்டியல் எங்கே இருக்கும்?

இதற்கிடையில் இன்னொன்று. கரண்ட் போகாத நாளிலும் காலையில் பார்த்தால் டிவி மறுபடி பதினொன்று பத்திலிருந்துதான் ஓடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் பெட்டியின் பிளக். பிடுங்கினான், கொஞ்ச நேரம் வைத்திருந்தான், மறுபடி செருகினான்.

நான் கத்திவிட்டேன் அண்ணி. ஏழுமலை மாமாவை ஊர் என்ன பேசுகிறது தெரியுமா, நீ உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாயே என்றெல்லாம் பேசிவிட்டேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வுட்டுடு மல்லி. அந்த நேரத்துல அவ அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தா. கொடுவா மீனு கழுவிக்கினே இந்தப் பொட்டியத் தட்டிக்கினு இருந்தா. இன்னும் காச்சல் வரல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு மாதமாக அவன் ஏரிக்குப் போகவில்லை, நம் வீட்டு முறை வந்த நாளிலும் போகவில்லை. நான் அவனைச் சோம்பேறி என்றுகூடத் திட்டியிருக்கிறேன். இப்போது என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. பெட்டிக்குப் புது வைஃபையின் பெயரைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. புது ரவுட்டருக்கே பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துவிட்டால்? அது தேடுவது கிடைத்துவிடும், தானே ஒட்டிக்கொள்ளும். பெயர் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு? என் போனை வாங்கி, எனக்குக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து நீயே தட்டிக் கொடுத்தாய். அந்தப் போனையும் நான் ஏரியில் தவறவிட்டுவிட்டேன். அது தெரிந்தவர்களில் மீதி இருப்பது அண்ணன் ஒருவன்தான்.

சொன்னேன். பாஸ்வேர்டைச் சொன்னால் தேதி இன்றைக்கு வந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். திருட்டுத்தனமாக வாங்க மனம் வரவில்லை. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வெகுநேரம் கழித்து வந்தான். ஏழுமலை மாமா வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தானென்று பிறகு காவேரி சொல்லித்தான் தெரியும். வந்ததும் ஒரே மூச்சில் பாஸ்வேர்டைச் சொன்னான்.

அதை இங்கே எழுதமாட்டேன். நாலு பேர் படிக்கிற கடிதம், அப்புறம் குப்பமே நம் நெட்டில் படம் பார்க்கும்.

ரவுட்டரில் மாற்றினேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரை ஒரு முறை வெளுத்து, சித்திரை போய் ஐப்பசி வந்துவிட்டது. இந்த ஆறு மாதமும் எங்களுக்கு எவ்வளவு நீளம் தெரியுமா? அது ஒரே எட்டில் தாண்டிவிட்டது. வடகிழக்குக் காற்று, அலை சுமார், இன்றைக்கு லட்சுமி வீடு என்று வந்தது. அண்ணன் வாய்விட்டு அழுதான். நீ போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

நான் டிவியை அணைக்கப் போனேன். வேண்டாமென்று தலையாட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நெட்டு இல்லாதப்ப கரண்டு போனா திரும்ப அந்த நாளுக்கே போய்டுமா?"

"போய்டும்ண்ணா. நெட்டு வர்ற வரிக்கும் அந்த வெள்ளிக்கெழமதான் காட்டும்."

"போவாம இருக்க எதுனா வழி இருக்குதா?"

"ஒரு சின்ன பேட்டரி வெக்கணும். அதுக்குப் போர்டுலயே எடம் இருக்குது. அப்புறமா வாங்கிக்கலாம்னு அண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கா."

"வாங்கிடு" என்றான். "ஒவ்வொரு வாட்டியும் அந்த நாளுக்குப் போய்ட்டு என்னால திரும்பி வர முடில, மல்லி."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போகிறேன் அண்ணி. பேட்டரியை வாங்கி வந்து நானே செருகிவிடுகிறேன். அதற்கப்புறம் அந்தப் பெட்டி உன் அடுப்படிக்குத் திரும்பி வராது, என்னை மன்னித்துவிடு. அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன், இது சத்தியம்.

வயதில் உனக்கு ஆறு மாதம் மூத்தவள், முறையில் என்றும் உனக்குச் சின்னவள்,
உன் நாத்தனார் மல்லிகா