நூற்றெண்பத்தாறு முடிச்சுகள்

திங்கட்கிழமை

அன்புள்ள மிளகாய்க்காரிக்கு,

வாசித்துக் காட்டுவது உன் தங்கை என்பதால் சின்னவளுக்கும் என் அன்பு. அச்சகத்தில் பிழை பார்ப்பதுபோல் எழுத்தெழுத்தாக இழுக்காமல், மனிதர் பேசுவதுபோல் படிக்கச் சொல்.

கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று கேட்டதும் பாதி உயிர் வந்தது. இன்னும் ஆறு நாள் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டுமாமே. முப்பத்தொரு வருஷத்தில் உன்னைத் தலைகுனிய வைத்த ஒரே ஆள் அந்தக் கண் டாக்டர்தான். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். விழித்திரை ஓட்டை மூடும்வரை பாரம் தூக்கக் கூடாது, அழக் கூடாது, கவலைப்படக் கூடாது என்றாராம். முதல் இரண்டு உன்னால் முடியும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். சின்னவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் இருமினால் அவள் பக்கத்து வீட்டுக்காரர் மருந்து சொல்கிறார்.

வீடு நன்றாக இருக்கிறது. கடையில் பள்ளிச் சீருடை வேலை கழுத்துவரை. காஜா எடுக்கிற பெண் லீவு போட்டதால் நானே எடுத்தேன். ஒரு பையன் சட்டையில் பட்டன் ஐந்து, காஜா ஆறு. அவன் அம்மா, 'ஒண்ணு காத்துக்கு விட்டீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ சொன்னபடி காலை ஆறு மணிக்கே உன் விதை வங்கியின் வலைக்குடிலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். குள்ளச்சிக்குக் காயெல்லாம் சிவந்துவிட்டது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

உன்,
தையற்காரன்

(தனித்தாள்)

சின்னவளே,

இந்தத் தாள் உனக்கு மட்டும். சத்தமாகப் படிக்காதே.

குள்ளச்சி என்பது ஒரு பழைய மிளகாய். முழங்கால் உயரம்கூட இருக்காது. அந்தப் பெயர் உன் அக்கா வைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வயலில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றபோது மற்ற எல்லா மிளகாயும் அழுகிவிட்டன. இது மட்டும் நின்றது. அதன் விதை குளிரறையில் மிச்சமிருந்ததோ கொஞ்சம், அதுவும் பழசு. இந்தப் பருவம் அத்தனையையும் போட்டதில் முளைத்தது இருபத்துநாலு செடி. உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் உன் அக்கா அந்தச் செடிகளில் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் வைத்தாள். குள்ளச்சி பூவுக்குக் குள்ளச்சி மகரந்தமே வைத்தால் காம்பில் சிவப்பு நூல். அது விதையைப் பெருக்கிக் காப்பாற்ற. நன்றாக விளைந்தும் தண்ணீர் தாங்காத சந்தை மிளகாயின் மகரந்தத்தை வைத்தால் நீல நூல். அது இரண்டு குணமும் சேர்ந்த புது மிளகாய் உண்டாக்க. சீட்டுக் கட்டினால் கனம் தாங்காமல் பூ உதிர்ந்துவிடுமாம். அதனால் நூல்தான் அடையாளம். மொத்தம் நூற்றெண்பத்தாறு முடிச்சு.

நூல் கொடுத்தது நான். எப்போதும் கொடுக்கிற பருத்தி நூல் தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வந்த பளபளப்பான நூல், பார்க்க அழகாக இருந்தது, அவளுக்கென்று எடுத்துக் கொடுத்தேன். சாயம் நிற்குமா என்று நனைத்துப் பார்க்கவில்லை. தையற்காரன் செய்கிற காரியமா இது? வெயிலில் அத்தனையும் வெளுத்து, சிவப்பும் நீலமும் ஒரே சோற்று நிறமாகிவிட்டது.

காயைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்று விதை வங்கி அதிகாரியம்மாவிடம் கேட்டேன். காய்க்குத் தாயின் ஜாடைதான் வருமாம். தகப்பன் யாரென்று விதை முளைத்து வளர்ந்தால்தான் தெரியுமாம். அத்தனையையும் விதைத்துப் பார்க்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. செடிகளில் இலை சுருள ஆரம்பித்துவிட்டது, இன்னொரு முறை பூக்காது. சனிக்கிழமை குடிலைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் பிரிக்க முடியாவிட்டால் எல்லாம் கலப்பு என்று எழுதி ஒதுக்க வேண்டியதுதான் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்காவின் நோட்டில் செடிக்குச் சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. எந்தக் கிளையில் எது என்று வேறெங்காவது குறித்திருக்கிறாளா? பேச்சுவாக்கில் கேட்டு எழுது. அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது. அழுதால் கண் போய்விடும்.

அத்தான்


புதன்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் என் குற்றம். பதினெட்டு வருஷமாக அச்சகத்தில் மூலப்பிரதியைச் சத்தமாகப் படித்தே பழகிவிட்டேன். நான் படிக்க, எதிரில் இருப்பவர் அச்சைச் சரிபார்ப்பார். காகிதத்தில் என்ன இருந்தாலும் வாய் தானாகப் படித்துவிடும். 'சத்தமாகப் படிக்காதே, முற்றுப்புள்ளி' என்பதையும் சத்தமாகத்தான் படித்தேன். அதற்குப் பிறகு நிறுத்தினால் அக்கா விடுவாளா?

முழுவதும் கேட்டாள். பிறகு, 'அப்ப வெளுத்தது நூல்தானா? என் கண்ணு இல்லையா?' என்றாள். என்னக்கா என்றேன். ஒரு மாதமாகவே முடிச்சுகளின் நிறம் அவளுக்குத் தெரியவில்லையாம். தன் கண்தான் வெளுத்துக் காட்டுகிறது என்று பயந்து, உங்களிடம் 'சும்மா ஒரு தடவை காட்டிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு இங்கே வந்தாளாம். டாக்டர் பார்த்தபோது ஓட்டை இருந்தது நிஜம். இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் மூடியிருக்க முடியாது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அக்கா தடுத்துவிட்டாள்.

ஆக, நீங்கள் நல்ல நூல் கொடுத்திருந்தால் அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்க மாட்டாள். தலை நிமிரக் கூடாதென்று தரையைப் பார்த்தபடியே சிரித்தாள் பாருங்கள், எனக்குத்தான் அழுகை வந்தது. 'உங்க அத்தான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை மட்டமான சரக்கு வாங்கினார், அதுவும் எனக்கு நல்லதாப் போச்சு' என்றாள்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, 'குள்ளச்சி?' என்றாள். கிளை விவரம் வேறெங்கும் இல்லையாம். சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டாள். ஏதாவது செய்யுங்கள் அத்தான்.

உங்கள்,
சின்னவள்


ஞாயிற்றுக்கிழமை

என் மிளகாய்க்காரிக்கு,

சின்னவளே, இதை ஊருக்கே கேட்கும்படி படி. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்.

உன் கண் விஷயம் படித்துவிட்டு வியாழன் காலை கடையைத் திறக்கவே மனம் வரவில்லை. சாயங்காலம்தான் திறந்தேன். முதல் ஆளாக மளிகைக்கடைக்காரர் வந்தார். ஆறு வருஷத்துக்கு முன் நான் தைத்த நீலச் சட்டை. இப்போது சாம்பல் நிறம். போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்து, 'துணி சுருங்கிப்போச்சு, பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விடு' என்றார். 'துணி சுருங்கல அண்ணே, நீங்கதான் விரிஞ்சுட்டீங்க' என்று சொல்லிக்கொண்டே தையலைப் பிரித்தேன். உள்மடிப்பில் துணி அன்று வெட்டிய நீலமாகவே இருந்தது. வெயில் படாத இடம்.

கையில் சட்டையோடு அப்படியே நின்றேன். இதை முப்பது வருஷமாகத் தினமும் பார்க்கிறவன் நான். முடிச்சுக்குள்ளும் வெயில் போகாதே!

தையல் பிரிக்கிற கத்தியையும் மெல்லிய ஊசியையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். பனியனோடு வாசலுக்கு ஓடிவந்து, 'டேய், என் சட்டைடா!' என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அதிகாரியம்மா குடிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல்தான் திறந்துவிட்டார். வாசலோரச் செடியில் ஒரு முடிச்சை ஊசியால் நெகிழ்த்திப் பிரித்தேன். நீ இறுக்கிப் போட்ட முடிச்சு லேசில் வருமா? வந்தது. நூலின் இரண்டு பக்கமும் வெளுப்பு. நடுவில் கடுகளவு இடம் மட்டும் நல்ல சிவப்பு. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'இன்னொண்ணு பிரிங்க' என்றார். நீலம். 'இன்னொண்ணு.' சிவப்பு. சிரித்தே பார்த்திராத அந்த அம்மா, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, 'ஐயா, உங்களை ரெண்டு மாசம் முன்னாடியே வேலைக்கு எடுத்திருக்கணும்' என்று சிரித்தார். எடுத்திருந்தால் நூல் வாங்கப் போகச் சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

வெள்ளியும் சனியும் கடையைப் பூட்டிவிட்டேன். நான் பிரித்துச் சொல்ல, அவர் எழுதினார். சிவப்பு எழுபத்துமூன்று, நீலம் நூற்றெட்டு. ஐந்து முடிச்சில் உள்ளேயும் வெளுத்திருந்தது. உன் நோட்டில் சிவப்பு எழுபத்துநாலு, நீலம் நூற்றுப்பன்னிரண்டு. ஆகவே அந்த ஐந்தில் ஒன்று சிவப்பு, நாலு நீலம். அந்த ஐந்தையும் தனியே விதைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த ஐந்தும் வடக்கு மூலைச் செடியில் இருந்தவை. கடைசி வாரம் நீ கட்டியவை. முடிச்சு தளர்ந்திருந்தது. உன் கை முடிச்சுத் தளராது. அது எனக்குத் தெரியும். அப்போதே உனக்குச் சரியாகத் தெரியவில்லை, இல்லையா? நீ ஒன்றை மறைத்தாய், நானும் ஒன்றை மறைத்தேன். சண்டை போட ஆளில்லை, விட்டுவிடுவோம்.

குள்ளச்சி விதை மூவாயிரத்துக்கு மேல் தேறும். காகிதம் விரித்து நிழலில் காய்கிறது. காய்ந்ததும் பாதி நம் குளிரறைக்கு, பாதி வேறு ஊரில் இருக்கிற இன்னொரு விதை வங்கிக்கு. இனி ஓர் இடத்தில் தண்ணீர் புகுந்தாலும் குள்ளச்சிக்கு இன்னொரு வீடு உண்டு. நீல நூல் விதைகளை வளர்த்து, அவற்றின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தண்ணீர் கட்டிய பாத்தியில் நிறுத்திப் பார்ப்பார்களாம். எது பிழைத்து நன்றாகக் காய்க்கிறதோ அதுதான் புது மிளகாய். ஆறேழு வருஷம் ஆகுமாம். 'அவங்க வந்துதான் ஆரம்பிக்கணும், வேற யார் கையும் எனக்கு வேண்டாம்' என்றார். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பெருமையில் என் சட்டையும் ஒரு பக்கம் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

மிளகாய்க்குக் கல்யாணத் தரகு பார்க்கிறவள் என்று உன்னை எத்தனை வருஷம் கேலி செய்திருப்பேன். குனிந்து குனிந்து அந்த நூற்றெண்பத்தாறையும் பிரித்த இரண்டு நாளில் என் கழுத்தும் கண்ணும் படாத பாடு பட்டன. கட்டும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீ மொட்டைத் திறந்து, ஆண் பகுதியைக் கிள்ளி எடுத்து, மகரந்தமும் வைத்திருக்கிறாய். இனி அந்தக் கேலி இல்லை. வேறு கேலி யோசிக்கிறேன்.

கண் தெளிந்ததும் முதலில் எதைப் பார்ப்பாய் என்று சின்னவள் கேட்டாளாம். நீ சற்றும் யோசிக்காமல் 'குள்ளச்சி பூ' என்றாயாம். அவள் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. பிடுங்கிய செடிகளில் ஒன்றை மட்டும் அதிகாரியம்மாவிடம் கேட்டு வாங்கித் தொட்டியில் வைத்திருக்கிறேன். இனிப் பூக்காது என்றார்கள். இன்று காலை பார்த்தேன், மூன்று மொட்டு. நீ வரும் நாளில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வருகிறேன். இறங்கியதும் முதலில் அதையே பார். எத்தனை நேரமானாலும் நிதானமாகப் பார், ஓர் இதழ் விடாமல் தெளிவாகத் தெரியட்டும். பார்த்து முடித்தபிறகு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனையும் ஒரு தடவை பார்.

அந்தக் கண்கள் நன்றாக இருக்கட்டும்.

உன்,
தையற்காரன்