இரண்டு மீட்டர், ஓர் அடுப்பு

12.12.2024, வியாழக்கிழமை, இரவு 8.40. குறிப்பு எண் 347.

எங்கள் வீட்டில் இரண்டு மின் இணைப்புகள் இருப்பதைப் பற்றி விசாரிக்க, இன்று காலை 10.15க்கு மின்வாரிய அலுவலர் ஒருவர் வந்தார். சமையல் தனித்தனி என்றால்தான் இலவச நூறு யூனிட் இரு இணைப்புக்கும் தொடருமாம்.

1996 தை மாதம் தம்பி முருகையா என்னோடு கோபித்துக்கொண்டு, நடுவே சுவர் எழுப்பித் தனி மீட்டர் வாங்கினான். சென்ற ஐப்பசியில் முழங்கால் முடங்கியது முதல் எங்களோடுதான் சாப்பிடுகிறான்.

இரண்டு அடுப்பு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணுதாங்க சார். என் அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு."

அலுவலர் போனதும் கடிந்துகொண்டேன். "ஏலே, இந்தக் குளிருக்கு நீ வெந்நீர் போடுற கரண்டுக்கு இனிமே காசு கட்டணுமே!"

"கட்டிக்கலாம்ண்ணே. தனியா உலை வைன்னு மட்டும் சொல்லாதீங்க."

சிறுவயதில் தைலமர விறகடுப்பின் முன் இருவரும் குளிர்காய்ந்தபடி, சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கைப் பிட்டுத் தின்போம். பெரிய பாதியை எனக்கே தருவான்.

இரு இணைப்புகளையும் ஒன்றாக்கக் கோரும் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். அதனுடன் வைத்திருப்பவை: குடும்ப அட்டை நகல்கள் இரண்டு, என் மீட்டர் அட்டையின் நகல், தம்பியின் மீட்டர் அட்டை, அசல். அது இனி எங்களுக்கு வேண்டியதில்லை.