குழி விழாத கேக்

என் சுமதியக்காவுக்கு,

மாடியிலிருந்து இறங்கி வந்து, உங்கள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இந்தத் துடியலூர் வீட்டில் கீழே நீங்களும் மேலே நானுமாக இத்தனை வருஷம் இருந்தோமே. இப்போது இந்தப் படியில் இறங்கவே மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில மத்தியானங்களில் கேக் வாசம் மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. "ஏனுங் அம்மணி, வாசம் வருதா?" என்று கீழேயிருந்து கூப்பிடுவீர்களே, அதே நாட்டுச்சர்க்கரை வாசம். ஓடி வந்து ஓவனைத் தொட்டால் சில்லென்று இருக்கும். எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். போன மாசம் தாரணி வந்து, "சித்தி, நீங்க ஏதாச்சும் சுட்டீங்களா?" என்று கேட்டாள். நீங்கள்தானா, அக்கா?

உங்கள் மகள் தாரணி பத்தாவது போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்களே, அன்றைக்கிலிருந்து அவள் அழவே இல்லை. எல்லாரும் மாரடித்துக்கொண்டு அழுதபோது அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். உங்கள் வீட்டுக்காரர் சோமனூர் தறிக்குடோனிலிருந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் தட்டைத் தள்ளிவிடுகிறார். "இந்தப் புள்ள ஒருக்கா அழுதுபோட்டாத் தேவலைங் அம்மணி" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன ஆவாளோ!

அப்படியிருந்தவள், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "அம்மா கேக்" என்றாள். அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். விடுவேனா நான்?

மைதா, தயிர், நாட்டுச்சர்க்கரை, முட்டை கிடையாது. உங்கள் கைப்பக்குவம் எனக்கு அத்துப்படி. பேக்கிங் பவுடர் ஒன்றுதான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. உங்கள் டப்பா அதே இடத்தில், இட்லிப் பானைக்கு நேர் மேலே இருக்கும் அலமாரியில், ஸ்பூனோடு இருந்தது. "ஆவி குடிச்சுப் பவுடர் கெட்டுப்போயிருமுங்க்கா" என்று எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! "அது பாட்டுக்கு இருக்கட்டும் கண்ணு, கைக்கு எட்டோணுமல்லோ" என்பீர்கள். அந்த டப்பாவைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று விதமாக வாங்கி வந்தேன். தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பாக்கெட், டவுனில் மொத்தக் கடையில் சில்லறையாக நிறுத்துக் கட்டியது ஒன்று, அலுமினியம் சேராதது என்று ஆன்லைனில் வரவழைத்த உசத்தி டின் ஒன்று. வரிசையாக டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். மளிகைக் கடைப் பவுடர் புஸ்ஸென்று பொங்கி உடனே அடங்கிவிட்டது. மொத்தக் கடைப் பவுடர் நன்றாகத்தான் பொங்கியது, ஆனால் அதில் சின்னதாக ஒரு கேக் சுட்டு வாயில் வைத்தால் செப்புக்காசை நக்கின மாதிரி ஒரு கசப்பு. உசத்தி டின் பவுடர் பொடிப்பொடியாக நுரைத்து, நின்று நிதானமாகப் பொங்கியது. இதுதான் என்று முடிவு கட்டினேன்.

சும்மா சொல்லக் கூடாது, கேக் என்ன அழகு தெரியுமா! பேக்கரிக்காரன் தோற்றுப்போவான். நடுவில் கும்மென்று எழும்பி, ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் காட்டிக் காட்டி உங்களை வெறுப்பேற்றியிருப்பேன்.

தாரணி வந்து பார்த்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். உங்கள் கேக்கில் எப்போதும் நடுவில் குழி விழுந்துவிடுமே, நீங்களும் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கி அந்தக் குழியை வட்டமாக எடுத்துவிட்டு, "குழி எனக்கு, மேடு உங்களுக்கு" என்று சுற்றியிருப்பதை எங்களுக்கு நறுக்கித் தருவீர்களே. அந்த நடுத்துண்டைத்தான் உங்கள் படத்துக்கு முன்னால் படைக்க வந்திருக்கிறாள்.

டம்ளரைக் கேக் மேலே வைத்தாள், எடுத்தாள். "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங் சித்தி. இதுல அம்மாளுது எது?" என்றாள். டம்ளரை மேடையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு துணுக்குக்கூட வாயில் வைக்கவில்லை.

உங்கள் கேக்கில் குழி விழுந்ததே அந்த ஆவி குடித்த பவுடரால்தானே என்று எனக்கு உறைத்தது. அப்புறம்தான் உங்கள் டப்பாவை எடுத்தேன். உள்ளே பவுடர் கட்டி தட்டியிருந்தது. வெந்நீரில் போட்டேன், சத்தமே இல்லை. நீங்கள் செய்கிற மாதிரி டம்ளரைக் காதோடு வைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, அடியிலிருந்து யாரோ மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி ஒன்றிரண்டு குமிழி வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், அக்கா.

மிச்சமிருந்ததை வழித்துப் போட்டு இன்னொரு கேக் சுட்டேன். ஓவனுக்குள் கொஞ்சம் எழும்பிப் பார்த்தது. வெளியே எடுத்ததும் என் கண் முன்னாலேயே நடுவில் பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. கேக் அமுங்கியதற்குச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாசம் பிடித்துத் தாரணியே கதவைத் திறந்து வந்தாள். டம்ளரை அமுக்கிக் குழியை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தாள். விளக்கேற்றினோம், கும்பிட்டோம். உங்கள் வீட்டுக்காரர், "படைச்சதைப் புள்ளைக்குக் குடுங் அம்மணி" என்றார். படைத்தது வீட்டுப் பிள்ளைக்குத்தானே? எடுத்துக் கொடுத்தேன்.

இத்தனை வருஷத்தில் அந்த நடுத்துண்டை எங்களில் யாராவது தின்று பார்த்திருக்கிறோமா? "அதுதான் ருசி, அதான் சுமதி உடமாட்டேங்கறா" என்று நாங்கள் உங்களைக் கேலிதானே செய்திருக்கிறோம். தாரணி கடித்தாள். மென்றாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"வேகவே இல்லைங் சித்தி. மாவு மாவா ஒட்டுது. கசக்குது." என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா எப்பவுமே இதையத்தான் தின்னாங்களா?"

அப்போது அழுதாள், அக்கா. என் மடியில் விழுந்து, வீடே அதிர அழுதாள். உங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் உங்கள் படத்தைப் பார்த்துத் திட்டினேன். இப்படி ஏமாற்றிவிட்டுப் போனீர்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுது ஓய்ந்த பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, மேட்டுத் துண்டு இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அந்த வாசம் மாடிக்கு வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானமானால் படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் டப்பா காலி. அதைக் கழுவித் துடைத்து, அந்த உசத்திப் பவுடரை அதில் கொட்டி, மூடியைத் திறந்தே இட்லிப் பானைக்கு நேர் மேலே அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த பிறந்தநாளுக்குள் ஆவி குடித்து நன்றாகக் கெட்டுவிடும். கேக்கில் குழி விழும். டம்ளரை நானே அமுக்குவேன். மேடெல்லாம் பிள்ளைக்கு.

குழி இனிமேல் எனக்குங்க்கா.

உங்கள் ஓரகத்தி,
தாரணியின் சித்தி