சக்கரத்தில் வைத்த சந்தனம்

1980 செப்டெம்பர் 30

இன்றும் எஞ்சினியர் ஐயா கேட்டார்: "பிள்ளை, கனவு காணுறீரோ?"

இந்தக் கட்டி உடைக்கிற மெசினுக்கு முன்னால் நின்றால் எனக்குக் கண் சொக்கும். வால்வுச் சக்கரத்தை மெல்ல மெல்லத் திருப்ப, எண்ணெய் தள்ள, நடுவில் வைத்த கொங்கிறீட் கட்டி நெரிபடும். முகப்பில் கறுப்பு முள் மாரியில் குளத்துத் தண்ணீர் ஏறுவதுபோல ஏறும். சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். கட்டி வெடித்ததும் கறுப்பு விழும், சிவப்பு நின்ற இடத்தில் நிற்கும். அந்த இலக்கம்தான் கட்டியின் பலம். முள் ஒரே சீராக ஏற வேணும், அவ்வளவுதான் என் வேலை. இதற்குக் கனவு காண்கிறவள்தான் சரி.

ஒக்டோபர் 17

ஆயுத பூசை. மேசன் ஆண்டியப்பன் அண்ணன் சந்தனம் அரைத்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வந்தவர். குடில் குளக்கட்டுக்குக் கீழே. குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் புதுத் துருசின் சுவர் அவர் கட்டினது, அதே கலவையில் வார்த்த கட்டிகளைத்தான் அடுத்த கிழமை நான் உடைக்க வேணும்.

"நம்ம சுவரு நிக்கணும்மா" என்று சொல்லிச் சக்கரத்திலும் தண்டிலும் அப்பு அப்பென்று அப்பினார். மெசின் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ஒக்டோபர் 24

உடைத்த கட்டியெல்லாம் பாஸ். "திறம் றிசல்ட்" என்றார் ஐயா. அண்ணன் எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

எனக்கு மட்டும் ஏன் மனம் ஒட்டவில்லை? சக்கரம் இறுகி நின்று சட்டென்று விட்டதே. முள் பாய்ந்ததே. இல்லை, கனவா?

ஒக்டோபர் 25

நித்திரையிலும் அந்த முள். கறுப்பு பாய்ந்துபோய்த் திரும்பி வந்தது. சிவப்பு வரவில்லை.

ஒக்டோபர் 27

சக்கரத்தைக் கழற்றினேன். தண்டின் புரியெல்லாம் காய்ந்த சந்தனம். மண்ணெண்ணெயில் கழுவினேன். சக்கரம் பழையபடி விரலுக்கு இணங்கியது. மிச்சக் கட்டிகளை வைத்தேன். முள் அழகாக, சீராக ஏறியது. பலம் போதாத இலக்கத்திலேயே கட்டி வெடித்தது. அடுத்ததும் அப்படியே.

சொல்லாமல் விட்டால் என்ன? ஆருக்குத் தெரியப்போகுது? — ஐயோ, சுவர் போனால் முதல்ல போறது அந்தாளின்ர குடில்தானே.

ஐயாவிடம் சொன்னேன். முந்தின இலக்கம் பொய், சந்தனத்தில் சக்கரம் இறுகி விட, கறுப்பு பாய்ந்து சிவப்பைக் கூடத் தள்ளிவிட்டது என்று. அவர் இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். பிறகு, "சுவரை உடைக்க வேணும்" என்றார்.

ஒக்டோபர் 30

அண்ணனே சம்மட்டி எடுத்தார். சீமெந்து ஈரம் பட்டதாம், அவர் பிழையில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்: "சந்தனம் வெச்ச கைக்கு இதுதானாம்மா?"

வீட்டுக்கு வந்து அழுதேன்.

1981 ஜனவரி 4

குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வான்கதவால் பாய்கிறது. நவம்பரில் அண்ணன் திரும்பக் கட்டின சுவர் நிற்கிறது. பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குளக்கட்டில் இருந்தேன். அந்தப் பக்கம் அவரும் இருந்தார். என்னோடு கதைக்கிறதில்லை.

ஒக்டோபர் 7

ஆயுத பூசை. சந்தனக் கிண்ணத்தோடு மெசினடிக்கு வந்த அண்ணன், கையைத் தூக்கிவிட்டு நின்றார்.

"எங்க வைக்கட்டும்மா?"

ஒரு வருசத்துக்குப் பிறகு என்னோடு பேசின முதல் பேச்சு. நான் மேசைக்காலைக் காட்டினேன். அதில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைத் துருசடிக்குக் கொண்டுபோய்ச் சுவரில் அப்பினார். நானும் பின்னால் போனேன்.

திரும்பும்போது, ஒரு பொட்டுக்கு மட்டும் சந்தனம் மிஞ்சின கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.